மர்சலின் சிஸ்டரின் ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன்

“மூச்ச விடு... இன்னும் கொஞ்சம்... அவ்ளோதான்” என்று சொல்லியபடி மர்சலின், சைக்கிளின் முன்குழாய் உச்சியில் இருக்கும் வால்வை ஸ்பூன் காம்பால் அழுத்துகிறார். உஸ்ஸென்று காற்று இறங்க, சைக்கிள் மெல்லத் தலைகுனிகிறது. காற்று முழுக்கப் போய்விட்டதா என்று கைப்பிடியை அமுக்கிப் பார்த்துக்கொள்கிறார். காற்றை உள்ளே வைத்துக்கொண்டு திருகைக் கழற்றினால், இருக்கிறதெல்லாம் முகத்தில்தான் வந்து அடிக்கும். “வெறும் வயித்துல வந்தாத்தான் ஆபரேஷன்” என்பது அவருடைய சட்டம். மனிதர்களுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று என்று அவரிடம் இரண்டு சட்டம் கிடையாது.

ராயப்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அவர். வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். வீடு சாந்தோமில். காலை ஷிஃப்டுக்கு விடிந்தும் விடியாமலும் கிளம்பி, கச்சேரி ரோடு, லஸ் வழியாகச் சைக்கிளில்தான் போவார். சாதாரண சைக்கிள் இல்லை, மலையில் ஓட்டுகிற சைக்கிள். மலையே இல்லாத ஊரில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: “கச்சேரி ரோட்ல ஒருவாட்டி போய்ட்டு வந்து கேளு.”

உடன் வேலை பார்த்த மயக்க மருந்து டாக்டர் ஒருவர் கனடாவுக்குக் குடிபோனபோது விட்டுச்சென்ற வண்டி அது. அதன் உயிர் முன்பக்கத்தில் இருக்கிறது. சக்கரத்தை இருபுறமும் பிடித்துக்கொண்டிருக்கும் கவட்டையை ஃபோர்க் என்கிறார்கள். ஒவ்வொரு காலிலும் குழாய்க்குள் குழாய். சக்கரம் பள்ளத்தில் விழும்போது ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி இறங்கி, அடியைத் தான் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவரின் கையைக் காப்பாற்றும். வழுக்குவதற்கு எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயைக் குடித்துவைத்துக்கொண்டு குழாயை ஈரமாகவே வைத்திருக்க, காலுக்கு ஒன்றாக ஸ்பாஞ்ச் வளையம் வேண்டும். கடல் காற்றும் மழைச் சேறும் உள்ளே புகுந்தால் எண்ணெய், கொதித்து ஆறிய டீ மாதிரி ஆகிவிடும். வளையம் காய்ந்துவிடும். பிறகு ஃபோர்க் இறங்காது, கைதான் இறங்கும்.

ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை, ஞாயிறு முதல் பூசை முடிந்து வந்ததும் புடவையை மடித்து வைத்துவிட்டு நைட்டிக்கு மாறி, தியேட்டரில் போடும் துணித் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொள்வார் மர்சலின். ஹாலில் பழைய திருவிழா ஃப்ளெக்ஸ் விரியும். அதன் மேல் பாதியில் மாதா இருந்தார். அந்தப் பாதியைக் கத்தரித்துச் சுருட்டி பீரோவுக்கு மேலே பத்திரப்படுத்தியாயிற்று; மாதாவைத் தரையில் போட மர்சலினுக்கு மனசு வராது. கீழ்ப் பாதியில் கைகூப்பி நிற்கும் விழாக் குழுவினர் விஷயத்தில் அப்படியொரு தயக்கம் இல்லை. அதில் மூன்றாவது படம் அவருடைய அண்ணன் ராஜநாயகம். எண்ணெய் ட்ரே எப்போதும் அந்தப் படத்தின் மேல்தான் உட்காரும். “அங்கதாம்பா தரை சமமா இருக்கு” என்பார், சிரிக்காமல்.

அடித்திருகுகளைச் சற்றே தளர்த்தி, துண்டு சுற்றிய பூரிக்கட்டையால் நாலு தட்டு. கீழ்க்குழாய்கள் அசைந்துகொடுத்ததும் திருகுகளை முழுக்கக் கழற்றினால், வழுக்கிக் கழன்று வரும். பழைய எண்ணெய் ட்ரேயில் சொட்டும்போது அதன் நிறத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்; நோயாளியின் கட்டைப் பிரிக்கும்போது அந்தச் சுளிப்பைக் காட்டியதில்லையாம். எல்லாவற்றையும் துடைத்து மாட்டியபின் புது எண்ணெயைச் சிரிஞ்சில் இழுத்து, ஊசி முனையை மேலே பிடித்து, விரலால் சுண்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றுவார். சைக்கிளுக்குள் குமிழ் போனால் யாரும் சாக மாட்டார்கள். ஆனாலும் சுண்டுவார். கை கேட்காது.

தியேட்டரில் இன்னொரு வழக்கமும் உண்டு. வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால், உள்ளே போன பஞ்சும் துணியும் கத்தரியும் ட்ரேக்குத் திரும்பிவிட்டனவா என்று நர்ஸ் வாய்விட்டு எண்ண வேண்டும். ‘கணக்கு சரி’ என்று அவர் சொல்லாமல் எவ்வளவு பெரிய சர்ஜனும் மூட முடியாது. எத்தனையோ சர்ஜன்களை நிறுத்தி வைத்த வாய் மர்சலினுடையது. அந்த வழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குக்கர் மூடுவதற்கு முன்னால்கூட, கரண்டி எதுவும் உள்ளே தங்கிவிடவில்லையே என்று மேடையில் இருப்பதை எண்ணிவிட்டு “கணக்கு சரி” என்பார். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

போன மழைக்காலத்தில், தண்ணீர் மூடிய ஒரு பள்ளம் தெரியாமல் விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. அவர் வேலை பார்க்கும் அதே தியேட்டரில், அவரையே மேஜையில் படுக்க வைத்துத் தகடு வைத்தார்கள். அண்ணன் ராஜநாயகம் வெளியே பெஞ்சில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையில் உறுப்பினர், கீழ் வீட்டுக்காரர். அப்பா போனதிலிருந்து தங்கையின் எல்லா விஷயத்துக்கும் தாமே பொறுப்பு என்று நினைப்பவர். இன்றைக்கும் அவருக்கு மர்சலின் ‘பாப்பா’தான். அன்பு இல்லாமல் இல்லை. அந்த அன்புதான் தொல்லை.

மணிக்கட்டுக்கு ஒரு பெல்ட் வாங்கி வந்தார். ஆறு வாரம் போதும் என்று டாக்டர் சொன்னார். ராஜநாயகம் டாக்டருக்கும் மேலே. மாதங்கள் ஓடியும், “பெல்ட் எங்க பாப்பா?” என்று படியிலேயே மறிப்பார். வேலைக்குத் தம் காரில் கொண்டுபோய் விட்டார். காரில் பின்சீட்டில் உட்கார்ந்து, ஏ.சி.யில் நடுங்கிக்கொண்டு, அண்ணன் தரும் அறிவுரையைக் கேட்டுக்கொண்டே லஸ்ஸைக் கடந்த காலைகளைப் பற்றி மர்சலின் சொல்லும்போது குரல் மாறிவிடுகிறது. “சைக்கிள்ல போற டைம் எனக்கானதுப்பா. வீட்ல பாப்பா, டூட்டில சிஸ்டர். நடுவுல அந்த ரோட்லதான் நான் யாருக்கும் யாரும் இல்ல.”

விழுந்ததிலிருந்து ஃபோர்க் இறுகிப்போய்க் கிடந்தது. அடையாறில் ஒரு சைக்கிள் கடையில் விட்டார். வாரக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, “இது வேலைக்காவாது, முழுசா மாத்திடுங்க, இல்ல வண்டியயே குடுத்துடுங்க” என்றார்கள். அதையும் மர்சலினிடம் சொல்லவில்லை, ராஜநாயகத்துக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அவருக்கு அது தேவவாக்கு ஆயிற்று. கோயில் நிதிக்காக நடக்கும் பஜாருக்குப் பழைய சாமான் சேர்க்கும் பொறுப்பு அந்த வருஷம் அவருடையது. ‘மர்சலின் வீட்டிலிருந்து ஒரு சைக்கிள்’ என்று பூசை முடிந்து எல்லாரும் நிற்கும்போதே அறிவித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மர்சலின் கத்தவில்லை. “சாமான் ஏத்தற டெம்போ எப்ப வருது?” என்று மட்டும் கேட்டார்.

“வர்ற ஞாயித்துக்கிழம மத்தியானம்.”

“அதுக்குள்ள தொறந்து சரி பண்றேன். டெம்போ முன்னாடி ஓட்டிக் காட்றேன். ஓடலன்னா நீயே உன் கையால ஏத்தி வுடு, நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

“ஓடுச்சுன்னா?”

“ஓடுச்சுன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது.”

அந்த ஞாயிறு, குழாய்களைத் துடைத்தாயிற்று. ஸ்பாஞ்ச் வளையங்களைக் கழுவிப் பிழிந்து, துடைத்த ட்ரேயில் புது எண்ணெய் ஊற்றி ஊறப் போட்டாயிற்று. கீழ்க்குழாய்களை மாட்ட வேண்டிய நேரத்தில் ராஜநாயகம் மேலே வந்தார். பெல்ட் மேஜையில் கிடப்பதைப் பார்த்தார். வயசு என்ன, எலும்பு என்ன, நாளைக்கு எங்கேயாவது விழுந்து கிடந்தால் யார் தூக்குவது என்று ஆரம்பித்தார். மர்சலின் பதிலுக்குப் பேசினார். பேச்சு முற்றியது. “நீ அறிவிக்கறதுக்கு முன்னால என்னக் கேட்டியா?” என்று கேட்டவருக்குக் கோபத்தில் மூக்கு சிவந்துவிட்டது. மூடும் கையும் எண்ணும் வாயும் தம்பாட்டுக்கு வேலை செய்தன. ட்ரேயைப் பார்த்தார். “திருகு ரெண்டு. வாஷர் ரெண்டு. வளையம் ரெண்டு. கணக்கு சரி.” குழாய்களை ஏற்றினார், சிரிஞ்சில் எண்ணெய் செலுத்தினார், திருகை முறுக்கினார், பம்பு வைத்துக் காற்றடித்தார். ஓட்டிக் காட்டக் கிளம்பும் வெற்றியோடு, அண்ணன் வாயை அடைக்கப் பெல்ட்டையும் எடுத்து மாட்டிக்கொண்டார்.

“பாப்பா, இது இன்னா?” என்றார் ராஜநாயகம்.

ட்ரேயில், கைகூப்பி நிற்கும் தம்முடைய படத்துக்கு மேலே, எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்த இரண்டு வளையங்களையும் காட்டினார். ஞாயிறுதோறும் உண்டியல் எண்ணுகிற கண், எதுவும் தப்பாது.

தியேட்டரில் எல்லாம் ட்ரேக்கு வந்துவிட்டால் கணக்கு சரி. இங்கே ட்ரேயில் ஒன்றும் மிஞ்சாவிட்டால்தான் சரி. இத்தனை வருஷமும் உள்ளே எதையும் விட்டுவிடாமல் எண்ணிப் பழகியவர், உள்ளே வைக்க வேண்டியதை வெளியே எண்ணிவிட்டு மூடியிருந்தார். வேறு யாராலும் இப்படி ஒரு தப்புச் செய்திருக்க முடியாது. அந்த நிமிஷத்தில் மர்சலினுக்கு அழுகை வந்தது. வந்ததை விழுங்கினார்.

கீழே டெம்போ வந்து நின்றது. ஓட்டி வந்த டிரைவர் சேட்டு படியேறி எட்டிப்பார்த்தார். “இன்னா சிஸ்டர், சைக்கிள எத்துனு போவவா? சார் சொல்லிக்கிறாரே.”

“எடுத்துக்கப்பா” என்றார் ராஜநாயகம். “பாத்தல்ல பாப்பா. உன் கைக்கும் முடியல, வண்டிக்கும் முடியலன்னு நான் சொன்னா மட்டும் கோவம் வருது. தப்பா மூடிட்ட. விட்டுடு.”

மர்சலின் பெல்ட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“தப்புதான். கணக்குத் தப்புன்னா திரும்பத் தொறப்போம். பேஷண்ட்ட குப்பைல போட மாட்டோம்” என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “சேட்டு, செத்த நேரம் உக்காரு. பேஷண்ட் டேபிள்ல கீது” என்றார்.

சேட்டுக்கு டீ கிடைத்தது. ராஜநாயகத்துக்கும் கிடைத்தது, அவர் குடிக்கவில்லை. மறுபடி காற்று இறங்கியது. மறுபடி பூரிக்கட்டை. புத்தம் புது எண்ணெய் ட்ரேயில் வீணாக வடிவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார் மர்சலின். வளையங்களை ஒவ்வொன்றாக விரல் நுனியில் எடுத்து, ரப்பர் சீலுக்குக் கீழே பதித்து, சுற்றிலும் தடவிப் பார்த்தார். பாட்டிலின் அடியில் இருந்த எண்ணெய் போதுமானதாக இருந்தது. குமிழைச் சுண்டினார். இந்தத் தடவை யாரிடமும் பேசவில்லை. திருகை முறுக்கிக் காற்றடித்த பிறகு, வடிந்த எண்ணெயைக் கொட்டிவிட்டுக் காலி ட்ரேயை எடுத்து அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“நீ எண்ணு” என்றார்.

ராஜநாயகம் ட்ரேயைப் பார்த்தார். எண்ணுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. “ம்” என்றார்.

தூக்க வந்த சேட்டுவை விலக்கிவிட்டு, மர்சலினே வண்டியைப் படி இறக்கினார். “பெல்ட்டு, பெல்ட்டு” என்று ராஜநாயகம் பின்னாலேயே வந்ததால் அதைக் கட்டிக்கொண்டார். தெருவின் குறுக்கே குழாய்க்குத் தோண்டி ஜல்லி போட்டு மூடிய இடம் இருக்கிறது. ஆட்டோக்காரர்களே அங்கே ஓரங்கட்டித்தான் போவார்கள். மர்சலின் ஓரங்கட்டவில்லை. முன்சக்கரம் ஜல்லியில் தொபீரென்று இறங்க, குழாய்கள் உள்ளே போய், உடனே மேலே வந்தன. கைப்பிடி ஆடவில்லை. தெருமுனையில் திரும்பினார். அதே இடத்தில், இன்னும் வேகமாக, இன்னொரு தரம்.

டெம்போ பக்கத்தில் வந்து காலை ஊன்றினார். மேலே ஏற்றிய சாமான்களுக்கு நடுவே ஓடாத மிக்சியும், கை போன அந்தோணியார் சொரூபமும், ஒரு திறந்த அட்டைப்பெட்டியும் இருந்தன. ராஜநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்து, பந்தயம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

வலது கை வண்டியைப் பிடித்திருந்தது. மர்சலின் இடது கையை முகத்துக்கு உயர்த்தி, பெல்ட்டின் ஒட்டுப்பட்டையைப் பல்லால் கவ்வி இழுத்தார். சர்ரென்று பிரிந்தது. அதைச் சுருட்டி அட்டைப்பெட்டிக்குள் போட்டு, “நம்ம வீட்டு சாமான் இதான் சேட்டு, ஏத்திக்க” என்று சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தார்.