அமெரிக்காவுக்குப் புறப்பட்டு மதுரங்குளியில் இறங்கியவை

சோலர் பெனல் விற்கும் வீட்டில் வெயிலைத் தவிர வேறெதுவும் சொன்ன நேரத்துக்கு வந்து சேராது. மதுரங்குளியில் எங்கள் முன்னறைதான் கடை. கூரையேறுவது கணவர், போனில் ஏச்சு வாங்குவது நான். வீட்டிலேயே தொழில் நடத்தும் கணவர் வாய்த்த சகோதரிகளே, உங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஜேர்மன் மோகம்

றால் பண்ணை வைத்திருக்கும் ரஷீத் நானா வந்தார். குளத்துத் தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்கும் சக்கரங்களுக்கு டீசல் ஊற்றியே களைத்துவிட்டாராம். குளத்தில் புது றால் குஞ்சு விடுமுன் பெனல் பூட்ட வேண்டும். சக்கரம் நின்றால் றால் மூச்சுத்திணறிச் செத்துப்போகும். அந்த அவசரத்திலும் சீனச் சாமான் என்றதும் முகத்தைச் சுளித்தார். ஜேர்மன்தான் வேண்டுமாம்.

"ஜேர்மன்காரன்ட கூரையிலயே இப்ப சீனாதான் நானா" என்றேன்.

நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எனக்கும் அதையே போடுங்க தங்கச்சி. ஜேர்மன்காரன் போடுறதத்தானே நானும் கேட்டன்!"

பின்னுக்குப் போன ஓடர்

சீன அரசு ஏற்றுமதிக்குக் கொடுத்த வரிச்சலுகையை நிறுத்தப்போகிறது என்று செய்தி வந்தது. விலை ஏறுமுன் அள்ளிக்கொள்ள உலகமே பாய்ந்தது. பெரிய நாடுகள் கப்பல் கப்பலாகக் கேட்கும்போது மதுரங்குளியை யார் மதிப்பது? குஞ்சுக்குச் சொல்லிவைத்துவிட்ட நானா காலையும் மாலையும் போன் எடுத்தார். அடுப்பில் மீன்கறியை விட்டுவிட்டு ஓடிவந்து, கொழும்பு இறக்குமதிக்காரர் சொன்ன சாக்கை அப்படியே ஒப்பித்தேன்.

மறுமுனையில் பெருமூச்சு. "தலவில சேர்ச்சில அன்னம்மாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்க தங்கச்சி. நான் பள்ளியில துஆ கேக்கிறன். கப்பல ரெண்டு பக்கத்தாலயும் தள்ளுவம்."

வேறு ஊர்ப் பெட்டி

கடைசியில் வந்த பெட்டிகளில் வியட்நாம் தயாரிப்பு என்றிருந்தது. பக்கத்தில் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தின் பெயர். அமெரிக்கா வரியைக் கூட்ட, அங்கே போகவேண்டியதை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்களாம். நானா கண்டால் வேண்டாம் என்பார் என்று கணவர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கொடுக்கப் பார்த்தார். கொன்வென்ட் சிஸ்டர்மாரிடம் பிரம்படி வாங்கிப் படித்தவள் நான், ஒளிக்கத் தெரியாது. பெட்டியோடுதான் போகும் என்று நின்றேன்.

மறுநாள் குஞ்சு விடவேண்டும். லொறியோடு வந்த நானா பெட்டியில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். "அமெரிக்காக்காரன் வேணாண்டதயா எனக்குத் தாறீங்க?"

"சாமான் பழுதில்ல நானா, அங்க வரிதான் கூட. உங்களுக்கும் வேண்டாமெண்டா அடுத்த கப்பல் வரும்வரைக்கும் குஞ்சுகளை வாளிக்குள்ள வச்சு விசிறுங்க."

கணவர் கண்ணை மூடிக்கொண்டார். நானா லொறியின் பின்கதவைத் திறந்தார். "றாலுக்கு மூச்சு வேணும் தங்கச்சி, பாஸ்போட் வேணாம். ஏத்துங்க!"

எங்கோ ஒரு நாட்டில் யாரோ வரிக்குக் கையெழுத்து வைக்க, மதுரங்குளியில் என் மீன்கறி அடிப்பிடிப்பதற்குப் பெயர்தான் உலக வர்த்தகமாம்.