மாதேஸ்வரி எழுதித் தராத ஒரு வரி

மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் முதலுதவி அறையில், விரல் நசுங்கி வந்த ஒரு தொழிலாளிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கையுறையோடே ஸ்பீக்கரில் போட்டேன். தோழி மாதேஸ்வரியின் கணவர் நாகராஜ்.

"ஸ்டெல்லாக்கா..." என்றார். "காலையில டூட்டியிலயே மயங்கி விழுந்துட்டாளுங்க. மூளையில ரத்தம் கசிஞ்சிருச்சாம். போயிட்டாளுங்கக்கா."

கட்டை முடித்து பிளாஸ்திரியும் ஒட்டினேன். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. "கூத்கொள்ளி சிஸ்டர்" என்று கன்னடத்தில் சொல்லி, அந்தத் தொழிலாளிதான் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

மைசூரில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் பொறுப்புச் செவிலியராக இருந்தவர் மாதேஸ்வரி. குள்ளமான உருவம், வேகமான நடை, சத்தமான குரல். அங்கே பிள்ளை பெற்றவர்கள் அவரை அப்படித்தான் நினைவு வைத்திருப்பார்கள். நான் சொல்ல வேண்டியது அதற்கு முந்தைய கதை.

செவிலியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் நாங்கள் ஒரே அறை. அவர் மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கௌதள்ளி ஊர்க்காரர்; மக்காச்சோளமும் ஆடும் வைத்திருந்த வீடு. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். நான் மைசூரிலேயே பிறந்து கான்வென்ட்டில் படித்தவள். பாடப் புத்தகங்களோ தலையணை கனத்தில் ஆங்கிலத்தில் இருந்தன. விடைகளும் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தால்தான் மதிப்பெண். தேறாவிட்டால் ஊருக்கு வரச் சொல்லி, மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார் அவருடைய அப்பா. ஆகவே மாதேஸ்வரி ஒரு முடிவுக்கு வந்தார்: புத்தகத்தை அப்படியே மனதில் வாங்கி வைத்துக்கொள்வது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உருப்போடுகிற ஆள் இல்லை அவர். என்னிடம் ஒரு பக்கத்தை நீட்டி, "இது என்ன சொல்லுதுன்னு மொதல்ல தமிழ்ல சொல்லு. புரியாததை உருப்போட்டா பாதி வழியில கழண்டு போயிரும்" என்பார். பிறகு கடைசிப் பத்தியில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாக முன்னால் வருவார். "மொதல்ல இருந்தே படிச்சா போகப் போகத் தெரியாத எடம். இப்படிப் படிச்சா போகப் போகத் தெரிஞ்ச எடம். பரீட்சை ஹால்ல தைரியமா இருக்குமல்லோ?" துணி துவைத்துக்கொண்டே சொல்ல வந்தால்தான் ஒரு பாடம் படிந்ததாகக் கணக்கு. சோப்பு நுரையோடு நின்று நான் திக்கினால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வைப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய பஸ். ஊரிலிருந்து மைசூர் வருகிற வழியில் பஸ் நிற்கிற, திரும்புகிற இடமெல்லாம் மனதுக்குள் பாடத்தின் ஒரு பத்தியை வைத்துவிடுவார். எனக்கு அந்தப் பாதையே தெரியாது என்றபோது, ஒரு விடுமுறையில் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார வைத்து, கர்ப்பகால வலிப்பு பாடத்தை வழி நெடுக ஏற்றினார்.

"ஹனூர்ல என்ன?"

"நோயாளியைத் தனியா விடக்கூடாது."

"கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டுல?"

"மூச்சு அடைபடாம பாத்துக்கணும்."

"நரசிபுரம் பாலத்துல?"

இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எங்கள் புத்தகத்தில் அந்த இடத்தில் அச்சுப் பிழை. 'லெஃப்ட்' என்று இருக்க வேண்டியது 'லிஃப்ட்' என்று இருந்தது. நான் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆற்றுப் பாலத்தின் நடுவே ஒரு லிஃப்ட், அதற்குள் வாயும் வயிறுமாக ஒரு பெண் படுத்திருக்கிறாள் என்று கற்பனை செய்துகொண்டோம். பிறகு அந்த வரி மறக்கவே இல்லை.

தேர்வில் அதே கேள்வி வந்தது. அவர் முன்னால், நான் அவருக்கு நேர் பின்னால். இருவரும் அந்த 'லிஃப்ட்' உட்படப் புத்தகத்தில் இருந்தபடியே பக்கம் பக்கமாக எழுதினோம்.

எல்லோருக்கும் முடிவு வந்தது, எங்கள் இருவருக்கும் வரவில்லை. பள்ளி முதல்வர் அழைத்து, விடைத்தாள்கள் வரிக்கு வரி ஒன்றாக இருப்பதாகவும், பிழைகூட ஒரே இடத்தில் இருப்பதாகவும் சொன்னார். விசாரணைக் குழு வருகிறது. குற்றம் நிரூபணமானால் சில வருடங்களுக்குத் தேர்வே எழுத முடியாது. அன்று எங்கள் அறையில் யாரும் சாப்பிடவில்லை. "அப்பாவுக்குத் தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுக்கே வந்துருவாரு" என்று மட்டும் சொன்னார் மாதேஸ்வரி.

விசாரணையில் மூன்று பேர். நடுவில் தலைவி, தலை நரைத்த ஓர் அம்மாள். ஓரத்தில் ஒரு கண்டிப்பான அதிகாரி. எங்களைத் தனித்தனியாக அழைத்தார்கள். முதலில் போன மாதேஸ்வரி வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னோடு பேசவும் விடவில்லை.

என் முறை வந்தது. "கான்வென்ட்டில் படித்த உனக்கு லெஃப்டுக்கும் லிஃப்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்றார் அதிகாரி. தெரியும் என்றேன். "தெரிந்துமா எழுதினாய்? சரி, அந்த விடையை இப்போது சொல்." ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. மேசையில் இருந்த எங்கள் விடைத்தாள்களைத் தவிர எதுவுமே கண்ணில் படவில்லை. அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

மாதேஸ்வரியை மறுபடி உள்ளே அழைத்தார்கள். அவர் முன்பே முழுவதும் ஒப்பித்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதிகாரி ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினார். கன்னடத்தில், இதமாகத்தான் பேசினார்: "உன் மேல் தப்பில்லை, அம்மா. இவள் உன்னைப் பார்த்து எழுதினாள் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடு. இன்றே உன் முடிவை அனுப்பச் சொல்கிறேன்."

பேனாவும் பக்கத்திலேயே இருந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அவருடைய அப்பா, அந்த மாப்பிள்ளை, துவைத்துத் துவைத்துச் சிவந்த கைகள் எல்லாம் எனக்குத் தெரியும். அவர் எழுதியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

தாளை அவர் திருப்பித் தள்ளிவிட்டார். "அவளுக்கும் தெரியும் சார். நீங்க கேட்ட மாதிரி கேட்டா அவளுக்கு வராது. நான் கேக்கட்டுமா? பாடத்துல இருந்து ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன்" என்றார் கன்னடத்தில்.

"அது எடுத்துக் கொடுப்பதாகிவிடும்" என்றார் அதிகாரி.

"கேட்கட்டும்" என்றார் தலைவி.

மாதேஸ்வரி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ஸ்டெல்லா, கண்ணை மூடு. கௌதள்ளியில பஸ் ஏறு."

மூடினேன். டீசல் வாசனை வந்தது. கண்டக்டர் விசில் கேட்டது. என் குரல் எங்கிருந்தோ புறப்பட்டது. "ஹனூர்" என்றார், சொன்னேன். "கொள்ளேகால்" என்றார்; சொன்னேன். "பாலம்" என்றதும் 'லிஃப்ட்' என்றே சொல்லி, என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது தலைவி எங்கள் புத்தகத்தை வரவழைத்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிழை அங்கேயே இருந்தது. அதோடு விடவில்லை. வேறு பாடங்களைத் திறந்து இருவரையும் மாறி மாறிக் கேட்டார்கள். ஒருவழியாக வெளியே விட்டார்கள்.

"அந்த வரியை எழுதிக் குடுத்திருந்தா உனக்கு இன்னைக்கே முடிஞ்சிருக்குமே" என்றேன்.

"முடிஞ்சிருக்கும். அப்பொறம் உன்ற மூஞ்சியில எப்படி முழிக்கறது?" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

தேறினோம். ஆனால் முடிவு வருவதற்குள் ஒரு நல்ல மருத்துவமனையின் ஆள் எடுப்பு முடிந்திருந்தது. அவர் எனக்காக இழந்தது அது. ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சின்ன இடத்தில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தார். நாகராஜைத் தானே தேர்ந்தெடுத்து, அப்பாவையும் சம்மதிக்க வைத்தார்.

வேலையில் சேர்ந்த புதிதில், வலிப்போடு ஒரு கர்ப்பிணி அவருடைய வார்டுக்கு வந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "பஸ்ஸு, பாலம் ஒண்ணுமே ஞாபகம் வரல ஸ்டெல்லா. கை தானாப் போயி அவளை இடது பக்கம் திருப்பிருச்சு." அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கௌதள்ளியில் அவரை அடக்கம் செய்தார்கள். மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த பக்தர்கள் சிலர் ஊர்வலத்துக்கு வழிவிட்டுச் சாலையோரம் ஒதுங்கினார்கள். ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "யாருங்க தவறினது?" என்று என்னிடம் கேட்டார். செவிலியர் என்று சொல்ல வாய் எடுத்தேன். "எனக்கு வேண்டியவங்க" என்றுதான் வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் பையில் மலைச் சாமிக்கு வைத்திருந்த பூவில் பாதியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அதைத்தான் உன் காலடியில் வைத்தேன், மாதேஸ்வரி. எங்கள் கிறிஸ்தவ வழக்கப்படி ஒரு ஜெபமும் சொன்னேன். நீ அதைத் தப்பாக நினைக்க மாட்டாய் என்று தெரியும். நிம்மதியாகத் தூங்கு.