மூன்று பங்கு மாந்தோப்பு

என் பால்யச் சேக்காளி சாகும் முன் சோழபுரத்து மாந்தோப்பைத் தன் மூன்று பிள்ளைகளுக்காக டிரஸ்ட் எழுதி, என்னைப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டான். தாயில்லாப் பிள்ளைகள்; செட்டியார்பட்டியில் சித்தி வீட்டில் வளர்கிறார்கள். நான் மில்லில் இயந்திரம் பழுது பார்க்கிற பிட்டர். வருகிற குத்தகைப் பணத்தை யாருக்குத் தேவையோ அவருக்குச் செலவழித்தால் போச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் முதல் நாளே அதை வெட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, தோப்பு ஒண்ணு, பங்கு மூணு. மூணு வீட்டு அரிசியையும் ஒரே உலையில போட்டுட்டு, பொறவு எம்புட்டு யாருதுன்னு தேட முடியுமா?"

இந்த மாதிரிப் பேச்சு கேட்டால் எனக்கு மறக்காது. மூன்று பேருக்கும் தனித்தனிக் கணக்கு போட்டேன். பதினெட்டு முடிந்ததும் அவரவர் பணம் அவரவர் கைக்கு. தோப்பு மட்டும் கடைசிப் பையன் வளரும்வரை என் பொறுப்பில்.

அந்தப் பையனுக்குக் காது மந்தம். அவன் பங்கெல்லாம் பேச்சுப் பயிற்சியிலேயே கரைந்திருந்தது. இந்த வருஷம், புதுக் காது மெஷின் மாட்டினால்தான் வகுப்பில் பாடம் காதில் விழும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவனுக்கு அக்கா இரண்டு பேர்; பத்தாவது படிக்கிற நடு அக்கா நேரே என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, எம்பங்குல எடுங்க."

"ஏட்டி, நீ மைனரு. நீயே குடுத்தாலும் நான் எடுக்கப்படாது."

"எங்காசுதான?"

"உங்காசுங்கதாலதான் தொடப்படாதுங்கேன்."

"நல்ல நாயம்! அவன் ஒண்ணும் கேக்காம முழிப்பான், எங்காசு பேங்க்குல படுத்துத் தூங்கும். நான் அவனுக்கு அக்கா இல்லையா?"

மறுநாள் வக்கீலிடம் போனேன்.

"மூத்தவளுக்கு வயசு என்னாச்சு?" என்றார்.

"ஆவணியோட பதினெட்டு முடிஞ்சிருச்சு. நர்சிங் படிக்கா."

"அப்ப அவ பங்கு அவ இஷ்டம். ஆனா நீங்க கேக்காதிய. பொறுப்புல இருக்கவுக கேட்டா, பிள்ளை மறுக்கச் சங்கடப்படும்."

வந்து இதைச் சொன்னதும் நடு அக்கா சிரித்தாள். "நான் கேக்கலாம்ல? நான் என்ன பொறுப்பாளரா?" போனை எடுத்துவிட்டாள்.

மதுரை ஹாஸ்டலிலிருந்து மூத்தவள் சத்தம் எனக்கே கேட்டது. "இதுக்கா அம்புட்டுப் பேரும் கூடி யோசிச்சிய? பீஸுக்கு மட்டும் மிச்சம் வச்சுட்டு எடுத்துத் தாரேன்."

ராஜபாளையத்துக் கடையில் மெஷின் மாட்டிய அன்று, நடு அக்கா தம்பியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று மெல்லக் கூப்பிட்டாள்.

"ஏலே, தம்பி."

அவன் சட்டென்று திரும்பினான். அவள் என்னைப் பார்த்தாள்.

"குடுக்கத்தான வயசு பத்தாதுன்னிய? கூப்பிடப் பத்தும்ல!"