பெரியம்மாவின் வலது சக்கரம்

என் மனைவி வேன் ஓட்டுகிறாள். இதைச் சொன்னதும் சிலர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்போ நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்பார்கள். துணி தைக்கிறேன் என்பேன். அந்த வேனின் பன்னிரண்டு இருக்கைகளுக்கும் உறை தைத்தது நான்தான் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுவேன். அதற்கு மேல் அந்த வண்டியில் எனக்குப் பங்கில்லை.

வாங்கியதென்னவோ நான்தான். பள்ளிச் சீருடைகளை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் விற்கப் போகிறேன் என்று கனவு கண்டு, பதினோரு வயதான வண்டி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். முதல் வாரத்திலேயே எங்கள் வீட்டு இரும்புக் கதவை மூன்று முறை இடித்தேன். மூன்றாவது முறை அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "இறங்குங்க," என்றாள். இறங்கியவன்தான், அந்த இருக்கையில் மறுபடி ஏறவேயில்லை. அது நடந்து பதினோரு வருடமாகிறது. இப்போது வண்டிக்கு வயது இருபத்திரண்டு.

அவள் ஏற்றிப் போவது சீருடையை அல்ல, ஒன்பது மனிதர்களை. ஒன்பது பேருக்கும் சிறுநீரகம் கெட்டுவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். முன் இருக்கையில் உட்காருபவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எல்லோருக்கும் அவர் வாத்தியாரம்மா. வண்டிக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்ததும் அவர்தான். "இவ்வளவு சத்தமும் போட்டுக்கிட்டு, இவ்வளவு பத்திரமாவும் கூட்டிட்டுப் போறது பெரியம்மாவைத் தவிர வேற யாரு?" என்றாராம்.

வருடத்துக்கு ஒருமுறை பெரியம்மா தகுதிச் சோதனைக்குப் போகவேண்டும். அவள் பொறுப்பேற்ற முதல் வருடம் வண்டி தோற்றது. ஐந்து குறைகள் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள்: கைப்பிரேக் பிடிக்கவில்லை, வலது முகப்பு விளக்கு வானத்தைப் பார்க்கிறது, முன்சக்கர மூட்டில் ஆட்டம், வைப்பர் துடைக்காமல் தேய்க்கிறது, கடைசி வரிசை சீட் பெல்ட் பூட்டவில்லை. நானாக இருந்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். அவள் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். எண்ணெய் தெறித்து மஞ்சளாகி, இன்றும் அங்கேயே இருக்கிறது. அதன் பிறகு பெரியம்மா தோற்றதே இல்லை.

சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிடுவாள். சின்னச் சுத்தியலால் இரும்புச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போவாள். துரு தின்ற இடத்தில் சத்தம் மந்தமாக வரும் என்பாள். எனக்கு எல்லா இடத்திலும் ஒரே சத்தம்தான். நான்கு மூலைகளையும் கையால் அமுக்கி விட்டு, வண்டி எத்தனை முறை குதித்து அடங்குகிறது என்று எண்ணுவாள். பிரேக்கை மிதிக்க மட்டும் என்னைக் கூப்பிடுவாள்.

"அழுத்துங்க. விடுங்க. அழுத்திப் பிடிங்கன்னா பிடிங்க, தையல் மிஷின் மாதிரி மிதிக்காதீங்க."

இது போக எனக்கென்று ஒரே ஒரு வேலை உண்டு. கண்ணாடியில் தண்ணீர் அடிக்கும் டப்பாவை நிரப்பி வைப்பது.

இந்த வருடம் ஒரு சிக்கல். இருபது வயது தாண்டிய வண்டி சோதனையில் ஒருமுறை தோற்றாலும் நோயாளிகளைக் கூட்டிவரும் ஒப்பந்தத்தை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பழைய சான்றும் சோதனை நாளோடு முடிகிறது. தோற்றால் மறுநாள் காலை அந்த ஒன்பது பேரைக் கூட்டிப்போக வண்டி இருக்காது. முந்தின நாள் வாத்தியாரம்மா இறங்கும்போது, "நாளன்னைக்கு வண்டி வருமாம்மா?" என்று கேட்டார். "ஆறு இருபதுக்கு வாசல்ல நில்லுங்க டீச்சர்," என்றாள் இவள். பார்க்கலாம், முயற்சி பண்ணுகிறேன் என்றெல்லாம் அவளுக்குச் சொல்ல வராது.

சோதனை நாளன்று ஏழு மணிக்கே போய் வரிசையில் ஏழாவதாக நின்றோம். எட்டு மணிக்கு, முதல் இரண்டு வண்டிகள் உள்ளே போன பிறகு, வாசலில் ஒருவர் தண்ணீர்க் குழாயோடு வந்தார். அடியில் சேறு இருந்தால் சோதிப்பவருக்குக் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் எல்லோரும் அவரிடம் வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டிப் பீச்சச் சொல்லி, சொட்டச் சொட்ட உள்ளே போனார்கள். நம் வண்டியையும் கழுவலாமே என்றேன்.

"நேத்தே கழுவி, காய வச்சாச்சு. ஈரத்தோட பிரேக்கைக் கொண்டுபோய்க் காட்டுவாங்களா?"

இதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போய், உள்ளேயிருந்து திரும்பி வருபவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தாள். குழாய் ரிப்பேர்காரரிடம் பேசினாள், ரொட்டி வண்டிக்காரரிடம் பேசினாள், டிரைவிங் ஸ்கூல் ஆசிரியரிடம் கால்மணி நேரம் பேசினாள். தலைக்கு மேல் வேலை இருக்கும்போது இவளுக்கு ஊர்க்கதை கேட்கிறதே என்று எரிச்சலாக வந்தது. வண்டிக்குள்ளேயே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் முறை வந்தது. பிரேக்கைச் சோதிக்கத் தரையில் இரண்டு ஜோடி உருளைகள் பதித்திருக்கிறார்கள், இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. உருளை சக்கரத்தைச் சுழற்றும். பிரேக்கை அழுத்தினால் எவ்வளவு பிடிக்கிறது என்று திரையில் எண் வரும். அழுத்தினாள். இடது இருநூற்றுப் பத்து. வலது நூற்றுப் பதினெட்டு.

"வலது பக்கம் கம்மி. இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாது," என்றார் சோதனையாளர். முப்பது வயதுக்காரர், நல்ல மனிதர்தான். அவளை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார், "வயசான வண்டி சார். வேற ஒண்ணும் இல்ல."

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடனே கையைக் கட்டிக்கொண்டேன். "ஆமா சார், பழசுதான் சார், மாத்திடுறோம் சார்," என்று அசடு வழிந்தேன். அதோடு நிற்காமல் ஓரமாக ஒதுங்கிப் போய் வாத்தியாரம்மாவுக்குப் போன் செய்து, நாளைக்கு வண்டி வராது, மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் போனை வைத்தார்.

திரும்பி வந்தபோது அவள் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கவில்லை.

"சார், வண்டியைத் திருப்பிப் பின்பக்கமா ஏத்திக் காட்டவா?"

"அப்படியெல்லாம் விதியில இல்லம்மா."

"விதிக்காக இல்ல சார், உங்களுக்காக. முதல்ல வந்த ரெண்டு வண்டி தேறிச்சு. வாசல்ல தண்ணி பீச்சுறவர் வந்ததுக்கப்புறம் போன நாலும் தோத்துப்போச்சு. நாலுக்கும் வலது பக்கம்தான் கம்மி. அதுல டிரைவிங் ஸ்கூல் கார் வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல. நாலு பேருக்கும் ஒரே கால்ல சுளுக்கு வருமா?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். "சரி, ஏத்துங்க," என்றார்.

அந்தக் கூடத்தின் வழியில் வண்டிக்கு இருபுறமும் ஒரு சாண்தான் இடைவெளி. அவள் வெளியே போய்த் திருப்பிக்கொண்டு, கண்ணாடிகளைப் பார்த்தபடியே ஒரே மூச்சில் பின்னுக்கு வந்து நான்கடி நீள உருளையில் சக்கரங்களை நிறுத்தினாள். வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் வண்டியை விட்டிறங்கிப் பார்த்தார்கள். எனக்கு எங்கள் வீட்டு இரும்புக் கதவு ஞாபகம் வந்தது.

இப்போது வண்டியின் இடது சக்கரம் வலது உருளையில் இருந்தது. அழுத்தினாள். ஒரு நிமிடத்துக்கு முன்பு நோயாளியாக இருந்த வலது சக்கரம் இருநூற்று ஏழு காட்டியது. நன்றாக இருந்த இடது சக்கரம் நூற்று இருபத்தொன்றுக்கு இறங்கிவிட்டது.

சோதனையாளர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து வலது உருளையில் விரலை ஓட்டினார். விரல் முழுக்கச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒட்டியது. தரை வலது பக்கம் சற்றுச் சரிவு. கழுவின வண்டிகளிலிருந்து சொட்டிய நீரும் கிரீஸும் சேர்ந்து அந்தப் பக்கமே ஓடி உருளையில் படிந்திருந்தன. சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கியிருக்கிறது. பாவம், வண்டிகள் என்ன செய்யும்.

முக்கால் மணி நேரம் கூடத்தை மூடி, உருளைகளைத் தேய்த்துக் காயவைத்தார்கள். அதற்குள் அவள் எதிர்ப்புற மெக்கானிக் கடைக்குப் போய், பிரேக் கட்டையைக் கழற்றப் போன குழாய் ரிப்பேர்காரரின் கையைத் தடுத்துக் கூட்டிவந்தாள். "மத்த மூணு பேரையும் நீங்க கூப்பிட்டுடுங்க சார்," என்று சோதனையாளரிடம் சொன்னாள். அவரும் மறுபேச்சில்லாமல் போனை எடுத்தார்.

மறுபடி ஏற்றியதும் இடது இருநூற்று எட்டு, வலது இருநூற்று மூன்று. எனக்கு விசில் அடிக்கவேண்டும் போல் இருந்தது. இதைத்தானா வயசான வண்டி என்றாய் என்று யாரையாவது பிடித்துக் கேட்கவேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அப்படிச் சொல்லித் தலையாட்டியவனே நான்தான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

சோதனையாளர் ரோஷத்தோடு மற்றதையெல்லாம் துருவினார். குழிக்குள் இறங்கித் தட்டினார், பன்னிரண்டு பெல்ட்டையும் இழுத்துப் பூட்டினார், விளக்குகளை அளந்தார். ஒன்றும் சிக்கவில்லை. கடைசியாக, "கண்ணாடிக்குத் தண்ணி அடிங்க," என்றார். அவள் அடித்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். என் கையில் குடிக்கிற தண்ணீர் பாட்டில் இருந்தது. அதை வாங்கி, டப்பாவில் ஊற்றிவிட்டு, காலி பாட்டிலை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். தண்ணீர் பீச்சியது. சோதனையாளர் சிரித்துவிட்டார். தேர்ச்சி என்று முத்திரை குத்தி, தாளை என்னிடம் நீட்டாமல் அவளிடமே நீட்டி, "அடுத்த வருஷமும் நீங்களே வாங்கம்மா," என்றார்.

திரும்பும் வழியில்தான் போன் செய்ததைச் சொன்னேன். அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். திட்டியிருந்தால் தேவலை.

"கூப்பிடுங்க. நீங்க சொன்னதை நீங்களே மாத்திச் சொல்லுங்க."

வாத்தியாரம்மாவைக் கூப்பிட்டேன். தேறிவிட்டது, நாளைக்கு வண்டி உண்டு, தயவுசெய்து மற்ற எட்டுப் பேருக்கும் மறுபடி சொல்லிவிடுங்கள் என்று மூச்சு விடாமல் கெஞ்சினேன்.

"யாருக்கும் நான் எதுவும் சொல்லலையேப்பா," என்றார் அவர். "வராதுன்னு நீதானே சொன்னே. அவ சொல்லலையே."

நான் போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்து, கையைக் காட்டி, பெரியம்மாவைச் சாலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.