என் நாத்தனார் ஓட்டிவந்த சைக்கிள்

எனக்கு எழுபத்தோரு வயது. நான் பெற்று வளர்த்த பிள்ளைகள் மூன்று பேர். பெறாமல் வளர்த்த பிள்ளை ஒருத்தி, என் பேத்தி ஷாலினி. நான்கு பேரையும் தனி ஆளாக வளர்த்தேன் என்று இத்தனை வருடம் ஊரில் சொல்லிவந்தேன். அதில் பாதி உண்மையில்லை. என் நாத்தனாரின் முதலாம் ஆண்டு நினைவு மலரிலாவது அது சரியாக இருக்கட்டும். எனக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எழுத்து வரும். நான் சொல்லச் சொல்ல ஷாலினி எழுதுகிறாள். “அவருன்னே எழுதுடி, அவளுன்னு எழுதாத” என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் உயிரோடு இருந்தவரை அந்த மரியாதையை நான் கொடுத்ததில்லை.

என் நாத்தனார் பிறந்தது செங்கல்பட்டில். அவருடைய அப்பா, அதாவது என் மாமனார், ரயிலடிக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். என் வீட்டுக்காரருக்குக் கடையில் உட்காரப் பிடிக்காது. தங்கைதான் உட்கார்ந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வாடகைக்கு வருகிற பிள்ளையின் காலைப் பார்த்தே எந்த வண்டி பொருந்தும் என்று சொல்லிவிடுவாராம்.

கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. மூன்றாம் வருடமே ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பையில் இரண்டு புடவையும் அவர் அப்பாவின் ஸ்பானரும் இருந்தன. “கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன் அண்ணி” என்றார். அந்தக் கொஞ்ச நாள் முப்பத்தெட்டு வருடம். அன்றைக்கு நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வழி விட்டு நின்றேன், அவ்வளவுதான்.

நடவுக்குப் போனார், சித்தாள் வேலைக்குப் போனார். சிறுசேரியில் கம்பெனிகள் வந்த பிறகு ஓர் ஆபீசில் தரை துடைக்கும் வேலை. விடிவதற்குள் ஷேர் ஆட்டோ பிடித்துவிடுவார். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் பிழைப்பைத் தேடிப் போனார்கள். மூத்த மகனும் மருமகளும் ஓசூரில் வேலைக்குப் போக, குழந்தை ஷாலினியை எங்களிடம் விட்டார்கள். கடலோரத்து நெம்மேலி வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். ஷாலினிக்கு நான் ஆயா, அவர் சின்ன ஆயா.

ஷாலினி ஆறாம் வகுப்புக்குத் திருப்போரூர் போகவேண்டி வந்தது. பள்ளிக்கூட நேரத்துக்கு பஸ்ஸை நம்ப முடியாது. அரசாங்கம் கொடுக்கிற சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் வரும். நடுவில் ஐந்து வருடம் தாங்குகிற மாதிரி ஒரு வண்டி வேண்டும். மகன் பணம் அனுப்பினான். மூவரும் செங்கல்பட்டில் ஒரு கடைக்குப் போனோம்.

எனக்கு ஒரு சிவப்பு வண்டி பிடித்தது. பெரிய வண்டி, தடி டயர், கியர், நடுவில் ஸ்பிரிங். நாத்தனார் ஷாலினியை அதில் ஏற்றி உட்காரவைத்தார். கால் பெருவிரல் நுனிதான் தரையில் பட்டது.

“வேணாம் அண்ணி. கால் ஊணலன்னா புள்ள வுழுந்துடும்.”

“வளர்ற புள்ளடி. ரெண்டு வருசத்துல எட்டிடும். யூனிபாரமும் பெருசாதான எடுக்கறோம்?”

“சட்டையின்னா மடிச்சுத் தெச்சுக்கலாம். வண்டிய எங்க மடிக்கறது?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. நாத்தனார் மூலையில் கிடந்த ஒரு பழைய லேடீஸ் சைக்கிளைக் கொண்டுவந்தார். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கு நடுவில் அது கோணாமல் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தார். ஷாலினியின் விரலாலேயே பிரேக்கைப் பிடிக்கச் சொன்னார். பிறகு சீட்டுக் கம்பியை உருவிக் காட்டினார்.

“பாரு அண்ணி, உள்ள இன்னும் ஒரு சாண் கம்பி கீது. புள்ள வளர வளர ஏத்திக்கினே போலாம். அந்தக் குண்டு டயர வச்சிக்கினு கடக்காத்துக்கு எதுர மிதிச்சா மூச்சு வாங்கும். ஸ்பிரிங்கு வேற பாதி மிதிய தின்னுடும்.”

அதற்கு நான் சொன்ன பதிலை எழுதவேண்டாம் என்கிறாள் ஷாலினி. எழுது என்கிறேன். கடைக்காரர் எதிரில் சொன்னதைச் சொந்தக்காரர்கள் எதிரில் மறைப்பது எதற்கு.

“வாழாவெட்டியா வந்தவளுக்குப் பழசுதான் கண்ணுல படும்” என்றேன்.

கடைக்காரர் பில் புத்தகத்தைப் புரட்டினார். நாத்தனார் சீட்டுக் கம்பியைத் திரும்பச் சொருகி, நன்றாக முறுக்கி, வண்டியை எடுத்த இடத்திலேயே விட்டார். சிவப்பு வண்டியை வாங்கினோம்.

பத்தாவது நாள் கால்வாய்ப் பாலத்தின் மேல் காற்று தள்ளியது. பின்னால் லாரி. ஊன்றக் கால் எட்டாமல் குழந்தை விழுந்தாள். முழங்கை கிழிந்தது. லாரிக்காரர் நிறுத்தியதால் அதோடு போயிற்று. மறுநாளிலிருந்து, “நான் ஸ்கூலுக்கே போல ஆயா” என்று உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்த மகன் ஓசூரிலிருந்து போன் செய்தான். “ஞாயித்துக்கெழம வரேம்மா. ஓசூருக்கே கூட்டினு போயிடறேன்.” நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது. நாத்தனார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சனிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு எங்கேயோ போனார். சாயங்காலம் தெருவில் சத்தம். எட்டிப் பார்த்தேன். அறுபது வயதில், முந்தானையை இடுப்பில் இறுக்கிச் சொருகிக்கொண்டு, அந்தப் பழைய வண்டியைச் செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வழியாக, எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டு வந்திருந்தார்.

“இன்னா, ரேஸுல கெலிச்சிட்டு வரீங்களா?” என்று கேட்டாள் எதிர்வீட்டு மல்லிகா.

“புள்ளைக்குக் குடுக்கறது. ஓட்டிப் பாக்காம எப்டிக் குடுக்கறது?”

தெருவே சிரித்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்கம் என்று அன்றைக்கு நினைத்தேன். கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்டது. “ஏறு கண்ணு. ரெண்டு காலும் ஊணுதா? பயமா இருந்தா நிறுத்திடலாம். நிறுத்த முடியிற வண்டிதான் நம்ம வண்டி.” கொஞ்ச நேரம் கழித்து மணிச் சத்தம். தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில்தான் கதவைத் திறந்தேன். அவர் வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். “வண்டி நல்லா கீது அண்ணி” என்றார். கடையில் நான் சொன்னதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. மறுநாள் மகன் வந்தான், ஷாலினி ஓட்டுவதைப் பார்த்தான், தனியாகத் திரும்பிப் போனான்.

வருடா வருடம் பள்ளிக்கூடம் திறக்கும்போது, அப்பாவின் ஸ்பானரால் சீட்டை ஏற்றி, கம்பியில் அரத்தால் ஒரு கோடு போடுவார். ஐந்து கோடு இருக்கிறது. உப்புக் காற்றுக்குத் துரு ஏறாமல் ஞாயிறுதோறும் எண்ணெய்த் துணியால் துடைப்பார். சிவப்பு வண்டி மூன்றாம் வருடமே துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போனது.

போன வருடம் அவருக்கு மூச்சு வாங்கியது. செங்கல்பட்டில், பிறந்த ஊரிலேயே, ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார். கூட இருந்தவள் நான்தான். ஒரு சாயங்காலம், “வண்டிக்குக் காத்து அடிச்சியா அண்ணி?” என்று கேட்டார். அடித்தேன் என்றேன். நீ சொன்னதுதான் சரி என்கிற வார்த்தை அப்போது தொண்டை வரைக்கும் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போர்வையை இழுத்துவிட்டேன். விடிகிறபோது அவர் இல்லை.

அந்த மூன்று வாரமும் கஞ்சி கொடுத்தனுப்பிய மல்லிகாவுக்கும், சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று வந்து அழுத சிறுசேரி ஆபீஸ் பெண்களுக்கும், காசு வாங்க மறுத்த ஷேர் ஆட்டோ தம்பிக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் நான் கும்பிடு போடுகிறேன். அவருக்குப் பிள்ளை இல்லை என்று யாரும் சொல்லமுடியாதபடி செய்தீர்கள்.

ஷாலினி இப்போது பொத்தேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை வருவாள். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் அந்த வண்டியும்தான். துணி போட்டுத் துடைக்கிறேன். சீட்டு ஐந்தாவது கோட்டிலேயே நிற்கிறது. தெருவில் எந்த சைக்கிள் மணி கேட்டாலும் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன். நான் போய்ச் சேருவதற்குள் வண்டி போய்விடுகிறது.

ஷாலினி, எழுதினவரைக்கும் போதும். இப்ப படிச்சிக் காட்டு. கடையில நான் சொன்னது வரும் பாரு, அத முழுங்காத. சின்ன ஆயா படம் மாட்டியிருக்கிற ரூம் கதவ மொதல்ல தொறந்து வச்சிட்டு வந்து படி.