மஞ்சள் பூனை மேல் போட்ட பழி

பூனையை வீட்டுக்குள் அடைத்து வைப்பது பாவம் என்று ஊருக்கே உபதேசம் செய்தவள் நான். ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க என் கருப்பி இஷ்டப்படி சுற்றும்.

ஒரு நாள் காலை வாயில் இறகோடு வந்து நின்றது. நான் அதன் வாயைத் துடைத்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு சேகர் அண்ணன் கண் கலங்கி வாசலில் நின்றார். ஐந்து வருடமாகக் கூண்டில் வளர்த்த அவருடைய மெர்போக் புறா செத்துக் கிடந்ததாம்.

"தங்கச்சி, உன் பூனையா?"

"நேத்து ராத்திரி கருப்பி வெளியவே போவலண்ணே. அந்த மஞ்சப் பூனையாத்தான் இருக்கும் லா."

மஞ்சள் பூனை தெருவில் கிடைத்ததைத் தின்று வளர்ந்தது. அண்ணன் என்னை நம்பினார். அன்று மாலையே அதைச் சாக்கில் கட்டி, பத்து காஜா ஊரின் சந்தையான பாசாரில் விட்டுவிட்டு வந்தார். சாக்குக்குள் அது கத்தியபோது நான் வாசல் கிரில்லுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பிறகு மூன்று முறை பாசாருக்குப் போய்த் தேடினேன். மீன்கடைகளுக்கு அடியில் எத்தனையோ மஞ்சள் பூனைகள். கூப்பிட, அதற்கு ஒரு பெயர்கூட இருந்ததில்லை.

அன்றிலிருந்து கருப்பியை வெளியே விடுவதில்லை. போன வாரம் அண்ணன் அதைக் கிரில் வழியே பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் உன்ன மாதிரி பூனைய உள்ளயே வச்சிருந்தா, என் புறா இருந்திருக்கும் தங்கச்சி."

அதற்கும் தலையாட்டினேன்.