ஸ்டாண்ட்பைக்குக் கிடைத்த பன்னிரண்டாம் நம்பர்

ஸ்டாண்ட்பை என்ற சொல்லுக்கு, 'தேவைப்பட்டால் பயன்படுத்திக்கொள்ள ஆயத்தமாக வைத்திருப்பது' என்று அகராதி பொருள் சொல்கிறது. அதை எழுதியவர் பஸ் டிப்போ பெஞ்சில் ஒரு நாளாவது உட்கார்ந்தவராகத் தெரியவில்லை. அங்கே அதற்குப் பொருள் வேறு: எவனுக்காவது வயிறு கலங்கினால் உனக்கு வாழ்வு.

நம் டிரைவர் அந்தப் பெஞ்சுக்கு வந்தபோது தலை முழுக்கக் கறுப்பு. சொந்தமாக ஒரு ரூட் கிடையாது. விடிந்ததும் மடிப்புக் கலையாத சீருடையோடு டைம் கீப்பரின் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். யாராவது லீவு போட்டால் ஜன்னல் கத்தும்: "ஸ்டாண்ட்பை!" கத்தல் அடங்குமுன் ஆள் பஸ் படியில் இருப்பார். டீயைக்கூட முழுசாகக் குடித்ததில்லை. ஆறுவதற்குள் அழைத்துவிட்டால்?

ஊரின் எல்லா ரூட்டும் அவருக்குத் தெரியும். எந்த ரூட்டுக்கும் அவரைத் தெரியாது. ஏறுகிறவர்கள் முகத்தைப் பார்த்ததும், "பழைய டிரைவர் எங்கே?" என்பார்கள். இவரும் ஏதோ அவரை ஒளித்துவைத்தவர் மாதிரி அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார்.

சொல் வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றாமல் நுழைந்துவிட்டது. அலமாரியில் கிடக்கும் பல்பு ஸ்டாண்ட்பை. எதற்கும் இருக்கட்டுமென்று எடுத்துப்போகும் ஓட்டைக் குடை ஸ்டாண்ட்பை. மனைவிக்கு முதலில் பேசிய மாப்பிள்ளை கடைசி நேரத்தில் கைவிரித்த பிறகுதான் இவரைக் கூப்பிட்டார்கள் என்பது குடும்ப வரலாறு. அந்த வரலாற்றை மறக்கவிடாமல் காப்பாற்றுவது மைத்துனனின் திருப்பணி.

"மாமா கல்யாணத்துலயே ஸ்டாண்ட்பைதானே! அந்த டியூட்டியைத்தான் இன்னும் எவனும் வந்து திருப்பி வாங்கிக்கல."

"நீ வாயை மூடுடா. உன்னை ஸ்டாண்ட்பைக்குக்கூட எவளும் கூப்பிடல" என்பாள் அவள். அவன் போனதும் குரல் இறங்கும். "ஏங்க, நம்ம தெரு வழியா ஒரே ஒரு தடவை சொந்த பஸ்ஸை ஓட்டிட்டு வாங்களேன். அந்தப் பய பாக்கணும்."

வந்தது அந்த நாள். ஒரு டிரைவர் ஓய்வு பெற, அவருடைய பன்னிரண்டாம் நம்பர் இவருக்கு வந்தது. இவர்களின் தெருமுனையைத் தொட்டுப்போகும் ரூட். மனைவி தலைவாரி, தம்பியைத் தூக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு ஸ்டாப்பில் நின்றாள். பன்னிரண்டாம் நம்பரும் வந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் யாரோ ஒருவன்.

"எங்க அவரு?"

"யாரும்மா?"

"இந்த பஸ்ஸோட டிரைவரு!"

"அவரு டியூட்டிக்கு வரலயாம். நான் ஸ்டாண்ட்பை."

மைத்துனன் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டான்.

வராமல் என்ன? நம் டிரைவர் அன்று எல்லோருக்கும் முன்னால் டிப்போவுக்கு வந்துவிட்டிருந்தார். பன்னிரண்டாம் நம்பரை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடியைத் துடைத்தார். புறப்பட நேரமிருந்தது. மிச்ச நேரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், கொண்டுபோய்ப் பெஞ்சில் வைத்தார். ஜன்னல் கத்தியது: "ஸ்டாண்ட்பை! ஏழாம் நம்பர்!" புது ஸ்டாண்ட்பை குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். இவருடைய கால்கள் மூளையிடம் அனுமதி கேட்கவில்லை. ஏழாம் நம்பரில், ஊரின் மறுகோடியில் ஒருவர் ஏறி, "பழைய டிரைவர் எங்கே?" என்றபோதுதான் இவருக்கு உறைத்தது.

"அண்ணே, உங்களுக்கு ரூட்டு ஒத்துக்கல" என்றார் டைம் கீப்பர். "பேசாம பழைய இடத்துக்கே வந்துடுங்க. பெஞ்சும் உங்க அளவுக்குத்தான் குழிஞ்சு கெடக்கு. நாளைக்கும் இப்படின்னா பன்னிரண்டை வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்."

வீட்டில் மைத்துனன் ஆரம்பித்தான். "ஆனாலும் அந்த ஸ்டாண்ட்பை நல்லாத்தான் ஓட்டுறான், மாமா."

மனைவி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு நானும் டிப்போவுக்கு வரேன்" என்றாள்.

"நீ எதுக்கு?"

"பெஞ்சுல உக்கார."

சொன்னபடியே உட்கார்ந்தாள். ஒரு பக்கம் பை, மறுபக்கம் குடை. ஓர் ஈ உட்காரக்கூட இடமில்லை. வேறு போக்கிடமில்லாமல் இவர் போய் பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் கத்தியது: "ஸ்டாண்ட்பை!" இவர் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டார். முன்கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவள் பார்த்தாள். பார்வை கண்ணாடியைத் தாண்டி வந்து தோளை அழுத்தியது. உட்கார்ந்தார்.

முதல் ஸ்டாப்பில் ஏறியவர் முகத்தைச் சுளித்தார். "பழைய டிரைவர் எங்கே?"

"ரிட்டையர் ஆயிட்டாரு" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்கும் நான்தான் வருவேன். உள்ள போங்க."